தேர்த் திருவிழாவும் மூன்றாம் பிரிவுச் சம்பளமும்

“மாஸ்டர், பந்தடிக்கிறதும் ஒரு வேலையோ?” என்று நீர் கேட்டது என் காரின் முன்னிருக்கையில் இருந்துதான். நேற்று ஹேர்னிங்கில் பெற்றோல் நிலையத்தில் நிறுத்தி, அந்த இருக்கைக்குக் கீழே தூசு உறிஞ்சும் குழாயை விட்டேன். கறுத்த ரப்பர் மணிகள் சரசரவென்று ஏறின. செயற்கைப் புல் மைதானத்தில் தூவுகிற மணிகள். உம்முடைய கார் பழுதாகிக் கிடந்த காலத்தில், உம் மகன் கவினின் சப்பாத்துப் பையை மடியில் வைத்தபடி என்னோடு மட்ச் பார்க்க வருவீர். அப்போது கொட்டியவை. குழாயை நிறுத்திவிட்டேன். பின்னால் நின்ற டெனிஷ்காரர் ஹோர்ன் அடிக்கும்வரை அப்படியே குந்தியிருந்தேன்.

அன்று உமது கேள்விக்கு என் வழக்கப்படி ஓர் உதாரணம் சொன்னேன். நம்முடைய கல்யாண மண்டபங்களில் பாட வருகிறவர்களைப் பாரும் என்றேன். ஒருவர் லண்டனில் இருந்து விமானத்தில் வந்து ஹோட்டலில் தங்கிப் பாடுவார். இன்னொருவர் அதே மேடையில் அதே பாட்டைப் பாடிவிட்டு, இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டுத் தன் காரில் வீட்டுக்குப் போவார். இரண்டு பேரும் பாடகர்தான். தொலைக்காட்சியில் வருகிற பந்தாட்டம் மேல்படி. கவின் நிற்பது அதற்குக் கீழே, இன்னும் கீழே.

“அப்ப என்ர மகன் ரோல்ஸுக்குப் பாடுறவன்,” என்று சிரித்தீர். சிரித்து முடித்தபின் மடியிலிருந்த சப்பாத்துப் பையின் வாயை இழுத்து மூடினீர்.

ஒப்பந்தம் எழுதிய நாள் கிளப் ஒரு படம் போட்டது. கவின் கையில் பேனா, முன்னால் அவன் பெயர் எழுதிய உடுப்பு. அந்தப் படம் வட்ஸ்அப்பில் பிராண்டே போய், கோப்பன்ஹேகன் போய், ரொறன்ரோ வரைக்கும் போனது. ‘புரொபெஷனல்’ என்ற சொல்லை எல்லோரும் வாசித்தார்கள். மூன்றாம் பிரிவு என்றிருந்ததை ஒருவரும் வாசிக்கவில்லை. சம்பளம் அறை வாடகைக்கே காணாது என்பது நம் மூவருக்கும்தான் தெரியும். வென்றால் கொஞ்சம் மேலதிகம் உண்டு. அதுவும் களத்தில் கால் வைத்தவனுக்கு; மாற்று ஆட்டக்காரராக ஓரத்து வாங்கில் இருந்தவனுக்கு இல்லை. மாலையில் பயிற்சி என்றபடியால் முழுநேர வேலை பார்க்க ஏலாது. காலையில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினான். அந்தக் கூலி காருக்கும் பெற்றோலுக்கும் போனது. சப்பாத்து ஒரு சோடி கிளப் தரும், கிழிந்தால் அடுத்தது அவன் செலவு. ஒவ்வொரு கோடையிலும் இன்னொரு வருடம் வைத்திருப்பார்களா என்று போனைப் பார்த்தபடி இருப்பான்.

பிறகு கோவில்.

நிர்வாகத்தில் இருந்த ஒருவர் பாயசக் கோப்பையோடு வந்து உமது தோளில் கைபோட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

“அண்ணை, இனி உங்களைப் பிடிக்கேலாது! பந்துக்காசு மழையாக் கொட்டுதாம். இந்த முறை தேர்த் திருவிழா உபயம் உங்கட குடும்பம்தான்.”

“மழை எங்க தம்பி, தூறல்தான்.”

“தூறலே காணும், தேர் நனைஞ்சிடும்!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீரும் சிரித்துக்கொண்டு “ஓம்” என்றீர். அன்றைய பூசை, மேளம், அவ்வளவு சனத்துக்கும் அன்னதானம் என்று எல்லாச் செலவும் அந்த ஒரு சொல்லோடு உமது தலையில் ஏறியது.

காரில் நான் கத்தினேன். “என்ன ஐசே, உமக்கு விசரே?”

“வேற என்ன சொல்லுறது மாஸ்டர்? என்ர மகன்ர சம்பளம் வாடகைக்கும் காணாதெண்டு மைக்கிலை சொல்லவோ? பெடியன் ஆசையா விளையாடுறான். அவன்ர மானத்தை நான் வாங்கேலாது.”

“அவனுக்கு இன்னும் விருப்பமோ எண்டு கேட்டனீரோ?”

“இதெல்லாம் கேக்கிற விஷயமோ?”

அதன்பிறகு உமக்குச் சனி ஞாயிறு இல்லாமல் போனது. வாரம் முழுக்கப் பிராண்டேயில் காற்றாலைத் தொழிற்சாலை. வார இறுதியிலும் அங்கேயே மேலதிக வேலை. தேர் முடிய மண்டபக் கட்டட நிதி வந்தது, அது முடிய ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கணினி. கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். இருக்கிறவரிடம் கேட்கிறோம் என்றே நினைத்தார்கள். நீரும் இருக்கிறவர் போலவே கொடுத்தீர். உமது முகம் வற்றி, சட்டைக் கழுத்துப்பட்டி தளர்ந்து போவதை மட்ச்சுக்கு மட்ச் பார்த்தேன். “கொஞ்சம் இளைப்பாறும்” என்றால், “அவன் ஒருக்கா மேல் பிரிவுக்குப் போகட்டும் மாஸ்டர்” என்பீர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து, உடுப்பு மாற்றும் அறையில் விழுந்தீர். எழும்பவில்லை. கவின் அன்று வாங்கில் இருந்தான். களத்தில் கால் வைக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த பிறகு அவன் என் வீட்டுக்கு வந்தான். தேத்தண்ணீரைத் தொடாமல் இருந்து சொன்னான்: “மாஸ்டர், நான் போன வருஷமே விடப் பாத்தன். எலெக்ட்ரீஷன் படிக்க இடமும் கிடைச்சது.”

“பிறகேன் விடேல்லை?”

“அப்பாவுக்கு விருப்பம் எண்டுதான். கோயிலிலை பேர் வாசிக்கேக்கை அவரின்ர முகத்தைப் பாத்தனீங்களோ?”

கோவிலுக்குக் கொடுத்தது உமது சேமிப்பு என்றும், நீர் வார இறுதியில் வேலைக்குப் போனது வீட்டுக் கடனுக்கு என்றும் அவன் நினைத்திருக்கிறான். எதற்கென்று நான் சொன்னேன். டெனிஷில் ஏதோ தொடங்கினான், நிறுத்தினான். பிறகு தமிழில் கேட்டான்: “அப்ப ஆருக்குத்தான் விருப்பம், மாஸ்டர்?”

வகுப்பறையில் எந்தக் கேள்விக்கும் ஓர் உதாரணம் வைத்திருந்தவன் நான். அன்று ஆறிப்போன அவன் தேத்தண்ணீரை எடுத்துப்போய்ச் சூடாக்கினேன்.

போன கிழமை மறுபடி வந்திருந்தான். இருக்கும்போதே கோவில் நிர்வாகத்திலிருந்து அவனுக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துப் பேசியபடியால் எனக்கும் கேட்டது. “தம்பி, அப்பாட நினைவா இந்த முறையும் தேர் உங்கடதானே?” நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே, “ஓம் அண்ணை,” என்றான். உமது தொழிற்சாலையிலேயே வார இறுதி வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறானாம். பந்தையும் விடவில்லை. இப்போது விட்டால் அப்பா செத்தது வீணாகிப் போகுமாம்.

நண்பரே, உம்மை எரித்த துக்கத்தை ஒருவாறு தாங்கிவிடுவேன். நீரும் அவனும் ஒரே மேசையில் இருந்து, ஒரே சட்டியில் குழம்பு அள்ளிச் சாப்பிட்டு, ஒருவரையொருவர் கேட்காமல் எழும்பிப் போன அத்தனை நாள்களும்தான் என் நெஞ்சில் கிடக்கின்றன. நாளைக்கு அவனிடம் போகிறேன். உபயத்தை மாற்றச் சொல்லி நானே கோவிலில் கதைக்கிறேன் என்று சொல்லப்போகிறேன். கேட்பானோ தெரியாது. அவன் கழுத்துப்பட்டியும் தளரத் தொடங்கிவிட்டது.

இதை வேறு யாரும் வாசித்தால், அவருக்கு ஒன்று. இன்று பிள்ளையோடு சாப்பிட இருக்கும்போது, மாதம் முடிய உங்கள் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள். பிறகு, பிள்ளை வாய் திறக்கும்வரை பேசாமல் இருங்கள்.