லீவு கேட்ட இங்கிலீஷ்

ரங்கூன்
1934, ஐப்பசி 12

அன்புள்ள பாவாயிக்கு,

சேந்தமங்கலத்தில் நீயும் மாமாவும் அத்தையும் சுகமாயிருக்க முருகன் அருள் புரியட்டும். நான் சுகம். உனக்குக் கால்வீக்கம் வடிந்ததா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. உன் பேறுகாலத்துக்கு ஊர் வர வேண்டுமென்று மர ஆலைத் துரைக்கு நானே இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். அவர் மகிழ்ந்துபோய் என் கையைக் குலுக்கி, ஆலைக்குப் பின்னாலுள்ள ஓர் அறையின் சாவியைக் கொடுத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பள்ளிபாளையத்து டைப்பிஸ்ட் ஞானதாஸ்தான் நகலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஏனுங்க, லீவுன்னு எழுதாம லிவ்வுன்னு எழுதிப்போட்டீங்களே! இங்கயே குடியிருக்கோணும்னு அர்த்தமாயிருச்சுங்க.”

நானும் சிரித்தேன். ஆனால் அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் சாவியைத் திருப்பிக் கொடுத்து, சரியாக எழுதியதை நீட்டினேன். என் இடத்துக்கு ஆள் வரத் தை மாதமாகும், அதன்பிறகு போகலாம் என்றார் துரை. குழந்தை மார்கழியிலேயே பிறந்துவிடுமே. இப்போதெல்லாம் கப்பல் ஊதினால் வேலையை விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுகிறேன்.

காப்பு வாங்கி வர வேண்டும். பிறந்ததும் மணிக்கட்டை நூலால் அளந்து, அந்த நூலைக் கடிதத்தில் வைத்து அனுப்பு. யார் ஜாடை என்றும் எழுது. குடம் தூக்காதே.

தபால் கட்டுகிறார்கள், அவசரம். நான் வரும்வரை பெயர் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

உன்
செங்கோடன்