பட்டன் டப்பாவின் அடியில்

ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற டெய்லருக்கு,

உங்களோட பேசுறதில்லைன்னு திங்கட்கிழமையே முடிவு பண்ணிட்டேன். அதனாலதான் எழுதி, உங்க அளவு நோட்டுக்குள்ள வைக்கிறேன்.

வருஷா வருஷம் எடுக்கிற ரத்தப் பரிசோதனையில உங்களுக்கு ஹீமோகுளோபின் பன்னிரண்டரைன்னு வந்துச்சு. "பன்னிரண்டு இருந்தாப் போதும்னு போட்டிருக்கு"ன்னு ரிப்போர்ட்டை மடிச்சு வெச்சுட்டீங்க. அது பொம்பளைங்களுக்குப் போட்டது. ஆம்பளைங்களுக்குப் பதிமூணு. அடுத்த வரியிலேயே இருக்கு. யாரோ ஒருத்தர் அளவுக்கு உங்க சட்டையை வெட்டுவீங்களா?

போதாததுக்கு உங்க தங்கச்சிக்குப் போன் போட்டு, "இவ உருப்படியா சமைச்சாத்தானே ரத்தம் ஊறும்"னு சிரிச்சிருக்கீங்க. அவ என்னைக் கூப்பிட்டு அரைமணி நேரம் பீட்ரூட் பாடம் நடத்தினா. பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டேன்.

நேத்து ஒரு பட்டன் தேடி உங்க டப்பாவைக் கொட்டினேன். அடியில பதினாலு காலி மாத்திரை அட்டை. அத்தனையும் முதுகுவலிக்கு. ரிப்போர்ட்டையும் அட்டைகளையும் தூக்கிக்கிட்டு டாக்டர்கிட்ட போனேன்.

"கொஞ்சம்தான் குறைவு, பதற வேணாம். ஆனா இந்த மாத்திரையால வயித்துல புண்ணாகி ரத்தம் கசியலாம். அவரை வரச் சொல்லுங்க"ன்னார்.

வியாழக்கிழமை பத்து மணி. கடையைச் சாத்திட்டு வாங்க. பக்கத்துல உக்காந்திருப்பேன், பேசமாட்டேன். அவ்வளவு வலியை என்கிட்ட மறைச்சுட்டு, பழியை மட்டும் என் அடுப்பு மேல போட்டீங்களே, அது எனக்கு ஆறாது.

இப்படிக்கு,
உங்களுக்கு ஒழுங்கா சோறு போடாதவள்