மேட்டுக் கிணற்றுத் தண்ணீர்

கடல் பொங்கிய வருஷத்துக்கு மறுவருஷம், ஆடிக் கடைசி வெள்ளி. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

நகராட்சிக் குப்பைக் கிடங்கால் எங்கள் பள்ளத்துக் கிணறு கெட்டது என்று மனுக் கொடுத்திருந்தோம். சோதிக்க வந்த அதிகாரி நகராட்சி ஜீப்பிலேயே வந்து இறங்கினார். மேட்டுக் கிணற்றில் தண்ணீர் பிடித்தார்.

"கெட்டது அங்கன பள்ளத்துலய்யா."

"ஜீப்பு அங்கன இறங்காது, பெரியவரே," என்றார் டிரைவர்.

"குப்பை லாரி மட்டும் இறங்குதாக்கும்?"

அதிகாரி சிரித்துக்கொண்டே காகிதத்தை நீட்டினார். நான் சொன்னதைத்தான் எழுதியிருப்பார் என்று நம்பிக் கைநாட்டு வைத்தேன்.

அவர்கள் போனபின் மருமகள் நகலைப் படித்தாள். தண்ணீர் பள்ளத்துக் கிணற்றில் எடுத்தது என்று இருந்தது.

"ஏன் மாமா வச்சீக?" என்றாள்.

பள்ளத்துக் கிணற்றை வெட்டிய இன்னொருவரிடமும் நாளை சாட்சிக் கைநாட்டு வாங்குவார்களாம். விடிந்ததும் போய்த் தடுக்க வேண்டும். அந்தக் கிணற்றை வெட்டியவர்களில் என்னைத் தவிர உயிரோடு இருப்பது மாடத்தி ஒருத்திதான்.