மூன்று முறை கேட்ட பெண்ணிடம் சொல்லாதது

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகப் படித்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுத வந்த கை அங்கேயே நின்றுவிட்டது, ஏனென்றால் அது முழு உண்மை இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே. பதறாதே, எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். அப்பா லிஃப்ட் பழுது பார்க்கப் போகிற இடத்திலெல்லாம் மாடி ஏறியே முட்டி தேய்கிறது என்று வழக்கம்போல அலுத்துக்கொள்கிறார். உன் தங்கை புது வேலையில் ஒரு மாதம் தாக்குப்பிடித்துவிட்டாள், ஆனால் மேலாளரைத் திட்டாமல் ஒரு வாய் சோறு இறங்குவதில்லை. இதையெல்லாம் போனிலேயே பேசிவிடுகிறேன், சொல்ல வேண்டியது மட்டும் வரவில்லை. நீ "என்னம்மா" என்று கேட்டதும் வாய் வேறெங்கோ போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

பொது மருத்துவத்தை மேற்படிப்பாக எடுக்கலாமா என்று யோசிக்கிற மாணவர்கள் சேர்ந்து நீங்கள் ஒரு குழு நடத்துகிறீர்களே, அதில் நீ என்னைப் பேசச் சொன்ன நாளைப் பற்றித்தான். கத்தியும் ஊசியும் இல்லாமல் கேட்டுக் கேட்டே நோயைக் கண்டுபிடிக்கிற வேலை இது, அதைப் பழக நிஜமான நோயாளி வேண்டும், நீயே வாம்மா என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நல்ல புடவை கட்டிக்கொண்டு போனை டப்பாவில் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன். திரையில் பன்னிரண்டு முகம், நடுவில் உன் பேராசிரியர், ஓரத்தில் குழுத் தலைவனாக நீ. மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் ஏன் இறங்கவில்லை, கால் ஏன் வீங்குகிறது, ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்துக்கான எண் ஏன் ஏறுகிறது என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். முடியை ஒட்ட வெட்டியிருந்த அந்தப் பெண் மட்டும் ஒரே கேள்வியை விடவில்லை. "ஆன்ட்டி, வலிக்குன்னு ஏதாவது மாத்திரை போடுவீங்களா?" என்றாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "கடையில நீங்களா வாங்கிப் போடுறது ஏதாவது?" என்றாள். தைலம் தேய்ப்பதோடு சரி என்றேன். மூன்றாவது முறை, "நாள் பூரா நின்னு வேலை பாக்குறீங்களே ஆன்ட்டி, முட்டி வலி வந்தா எப்படிச் சமாளிப்பீங்க?" என்று அவ்வளவு தன்மையாகக் கேட்டாள். பழகிப்போச்சும்மா என்று சிரித்து மழுப்பினேன்.

அது பச்சைப் பொய். சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் மேசை முன்னால் எட்டு மணி நேரம் நிற்கிறேன், இரண்டு வருடமாகக் காலையில் ஒன்று மதியம் ஒன்று என்று வலி மாத்திரை போடாமல் நின்றதில்லை. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், தொடவே கூடாது என்று நீ முதல் வருடம் படிக்கும்போதே சொன்னாய், உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். உன் பேராசிரியர் முன்னால், சொந்த அம்மாவே இவன் பேச்சைக் கேட்கவில்லை என்று ஆகிவிடக் கூடாதே என்றுதான் மறைத்தேன். அப்பாவுக்குத் தெரிந்தால் வேலையை விடச் சொல்வாரே என்ற பயமும் இருந்தது.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பேசி முடித்துவிட்டு நான் அடுப்பை அணைக்கப் போனேன், என் முகம் தெரியாததால் நான் போனை வைத்துவிட்டேன் என்று நினைத்துவிட்டீர்கள். "அவங்க வலி மாத்திரை போடுறாங்கன்னு நினைக்கிறேன், சொல்லத் தயங்குறாங்க" என்று அந்தப் பெண் சொன்னதும் கேட்டது, "எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க, நோயாளியைச் சந்தேகப்படுறவங்களுக்கு இந்தக் குழுவுல என்ன வேலை?" என்று நீ எல்லார் முன்னாலும் சீறியதும் கேட்டது. நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். இரண்டு எட்டு வைத்து, அவள் சொல்வது சரிதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவள் குழுவுக்கு வருவதை நிறுத்திவிட்டாள் என்று மறு வாரம் நீ சொன்னபோதும் "அப்படியா" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அப்புறம் ஆறு வாரம் அதே மாத்திரையைப் போட்டேன், ஒவ்வொன்றும் அந்தப் பெண்ணின் முகத்தோடுதான் இறங்கியது. போன மாதம் கால் வீங்கிச் செருப்பே நுழையவில்லை. அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று பார்த்தால் என் பையிலிருந்த மாத்திரை அட்டைகளை எடுத்து வெளியே போட்டுவிட்டு, "கிளம்பு" என்றார், அவ்வளவுதான். மருத்துவமனையில் டாக்டரம்மாவிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது, வீக்கம் வடிந்துவிட்டது, ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. சிறுநீரகம் மட்டும் பழையபடி முழுதாகத் திரும்பாது, இத்தோடு நின்றதே பெரிய விஷயம், இன்னும் முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றார். முன்னாலேயே ஒருத்தி கேட்டாள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர் ஒரு உயரமான முக்காலி போட்டிருக்கிறார், உட்கார்ந்தபடியேதான் இஸ்திரி போடுகிறேன், மற்றவர்கள் என்னை மகாராணி என்று கூப்பிடுகிறார்கள்.

கண்ணா, உன்னிடம் இதுவரை நான் மன்னிப்புக் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன். நீ என்னை நம்பினாய், அதில் தப்பில்லை, அந்த நம்பிக்கையை வைத்து நான்தான் ஒரு நல்ல பெண்ணைத் தலைகுனிய வைத்தேன். நீ நேரில் போய் அவளைக் கூப்பிட வேண்டும். எல்லார் முன்னாலும்தானே பேசினாய், அதனால் எல்லார் முன்னாலும் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு, பேராசிரியர் இருக்கும்போதே வாசி. உனக்குக் கூச்சமாக இருக்கும், என் மேல் கோபமும் வரும், கோபப்படு, ஆனால் ஒரு வரியையும் விட்டுவிடாதே. அவள் வர மாட்டேன் என்றால் என் எண்ணைக் கொடு, நானே பேசுகிறேன்.

நீ நல்ல டாக்டராக வருவாய், நீண்ட ஆயுளோடு நன்றாக இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ராத்திரி கண் விழித்துப் படிக்காதே, கண்ணாடியை மாற்று. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இனிமேல் என் உடம்பைப் பற்றிக் கேட்க வேண்டியதை நீ கேட்காதே, அந்தப் பெண்ணை விட்டுக் கேட்கச் சொல். நீ கேட்டால் நான் மறுபடியும் நல்லா இருக்கேன்ப்பா என்றுதான் சொல்வேன்.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்ன,
உன் அம்மா