தபசுகாலத்துத் தேன்

2 மார்ச் 1927, புதன்
விபூதிப் புதன் பூசையில் சாம்பல் பூசிக்கொண்டு வந்து கடையைத் திறந்தேன். நாற்பது நாள், பாஸ்குத் திருநாள் வரைக்கும், இனிப்பு தொடுவதில்லை என்று நேர்த்தி. மத்தியானமே கேகாலைப் பொன்னம்பலம் றப்பர்த் தோட்டத்துப் புதுத் தேனோடு வந்து நிற்கிறார். பசாசின் சோதனைதான்! ருசி பாராமலே வாங்கினேன். பத்து வருசமாக அவர் தேன்தானே.

9 மார்ச்
புறக்கோட்டையில் புது வியாபாரி ஒருவனிடம் பன்னிரண்டு போத்தல் தேன். தண்ணீரில் விட்டேன், நூலாய் அடிக்குப் போனது. தீக்குச்சியில் தடவிக் கொளுத்தினேன், பற்றியது. நல்ல தேன்.

23 மார்ச்
பொன்னம்பலத்தின் தேன் வெள்ளையாய், நெய் மாதிரி உறைந்துவிட்டது. "மேபல், நீயும் சீனி கலக்கத் தொடங்கீட்டியா?" என்று கொன்ஸ்ரன்ஸ் ரீச்சர் போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்தா. கடை நிறைய ஆட்கள்! கொட்டாஞ்சேனையில் இந்தக் கடைக்கு இருப்பது நல்ல பேர் ஒன்றுதான். அதுவும் போனால்?

24 மார்ச்
பொன்னம்பலத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். "கள்ளத் தேன்! இனி இந்தப் படி ஏறாதேங்கோ."
"தேன் எண்டா இறுகும்தானே, அக்கா." அவ்வளவுதான் சொன்னார். தேன் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

26 மார்ச்
மாளிகாவத்தை பைறோஸா ராத்தா வந்தா, புருசனின் மருந்துக்குத் தேன் வேண்டுமாம். புறக்கோட்டைப் போத்தலை மோந்து பார்த்து மூக்கைச் சுளித்தா. உறைந்ததை மோந்து, "இதுல பூ மணம் ஈக்கிது. நாக்குல வெக்கேலா, நோம்பு. மஹ்ரிபுக்கு ரெண்டையும் ஊட்டுக்குக் கொண்டு வாங்கோ" என்றா.
போனேன். நோன்பு திறந்து, தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தா. புறக்கோட்டைத் தேனை வாயில் வைத்ததும் துப்பினா. "வெறும் சீனிப்பாகு." உறைந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு கரையவிட்டா. "கடைசில தொண்டையில சின்னக் காரம். சீனிக்கு அது வராது. றப்பர்த் தேன் இறுகத்தான் செய்யும். அடுப்புல வெக்காம, இளஞ்சூட்டுத் தண்ணில போத்தல வெச்சா இளகும்."
அடேயப்பா, என்ன நாக்கு! நான் தண்ணீரையும் தீக்குச்சியையும் நம்பினேன்.
ராத்தா சிரிச்சா. "நீங்களும் நோம்பு, நானும் நோம்பு. ஏமாத்துறவனுக்கு நல்ல மாசம்."
எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐயோ, அந்த மனிசனை என்னவெல்லாம் சொன்னன்!

28 மார்ச்
புறக்கோட்டைத் தேன் எல்லாவற்றையும் சாக்கடைக் கானுக்குள் ஊற்றினேன். ரீச்சர் வீட்டுக்குப் போய்த் தேனை இளக்கிக் காட்டினேன். பிழை என்னுடையது, வாங்கோ என்று கேகாலைக்குக் கடிதம் போட்டேன்.

6 ஏப்ரல்
பதில் இல்லை. நோன்புப் பெருநாளுக்கு ராத்தா இனிப்பு வட்டிலப்பம் அனுப்பினா. பிள்ளைகள் தின்ன, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

18 ஏப்ரல், திங்கள்
நேற்றுப் பாஸ்கு. பூசைக்குப் பிறகும் இனிப்பில் கை வைக்க மனம் வரவில்லை.
இன்று காலை தெருவில் பொன்னம்பலம், தலையில் தகரம். "ஏன் வெளியில நிக்கிறீங்கள்?"
"ஏறாதேங்கோ எண்டனீங்கள்."
நான் இறங்கிப் போனேன். போறவன் வாறவன் எல்லாம் பார்க்க, தகரத்துக்குள் விரலை விட்டு நக்கினேன்.
முதலில் இனிப்பு. பிறகு, ராத்தா சொன்ன அந்தக் காரம்.
"வாங்கோ உள்ளுக்கு" என்றேன். ஏறினார்.