மேனேஜருக்கு எழுதிய இங்கிலீஷ்

அண்ணன் மகளே,

இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். ஒப்பந்தம் முடியும் முன்பே ஆலை உன்னை விட்டுவிட்டது. திங்கட்கிழமை நர்ஸ் படிப்பில் சேர்ந்துவிடு.

உன்னை விடுவிக்கக் கேட்டு தலைமை அலுவலக மேனேஜருக்கு இங்கிலீஷில் விண்ணப்பம் எழுத மூன்று நாள் மூளையைக் கசக்கினேன். ‘டிஸ்சார்ஜ்’ என்றால் ஆஸ்பத்திரி வாடை அடித்தது. ‘ரிலீஸ்’ என்றால் ஜெயிலில் இருந்தவள் போலத் தெரிந்தது. கடைசியில் ‘லிபரேட்’ என்று போட்டேன். வாசித்த மேனேஜர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“இன்னும் எட்டு மாசம் பாக்கி இருக்கே, பெரியவரே?”

“அந்த வார்த்தைய இன்னொரு தடவ படிங்க சார்!”

உடனே கையெழுத்துப் போட்டார். உன் சித்தி மட்டும், “எட்டாவது படிச்சதுக்கு இந்த அலட்டலா?” என்கிறாள்.

உண்மையில் மேனேஜர் உறையைப் பிரிக்கவே இல்லை. “என்ன வேணும்?” என்றார். “எங்க பொண்ண படிக்க விடுங்க சார்” என்று அழுதுவிட்டேன்.

உன் சித்தப்பா