இடிந்த சுவர்

காஞ்சிபுரம், வைகாசி 1997

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய வக்காலத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பக்கத்து வீட்டுக் கச்சபேசன் பொதுச் சந்தின் குறுக்கே சுவர் எழுப்பியதை மறக்கவில்லை. உன் கல்யாணப் பந்தியில் என்னைப் "போடி" என்றதையும் மறக்கவில்லை.

சந்து இல்லாமல் நேற்றுத் தெருவில் தறிக்கான பட்டு நூல் பாவை நீட்டிக் கஞ்சி போட்டோம். காயுமுன்னே சாமி புறப்பாடு வந்துவிட்டது. ஈரத்தோடு சுருட்டினால் பட்டு இழையெல்லாம் ஒட்டிப் பாழாகும்.

கச்சபேசன் கடப்பாரையோடு ஓடிவந்தான். "தள்ளிப் போடி! பாவ சந்துக்குள்ள எடுத்துக்கினு வா!" என்று கத்திக்கொண்டே தன் சுவரைத் தானே இடித்தான். அத்தனை நீள அரக்குச் சிவப்புப் பாவும் ஓர் இழை அறாமல் அந்த இடிசல் வழியே போனது. சாமி பக்கம்கூடத் திரும்பாமல் இடிந்த சுவரைப் பார்த்தே கைகூப்பி நின்றேன்.

வழக்கு வேண்டாம். ஆனால் மறுபடியும் "போடி" என்றானே, அவனோடு பேசமாட்டேன்.

உன் அம்மா